பேக்பைப் பித்தளைப் பூண்: துலக்குவதா, கறுத்தபடியே விடுவதா?

குருசுக்குப்பம்

எல்லாருக்கும் வணக்கம். புதுச்சேரியில ஒரு பள்ளிக்கூட பேண்டுக்கு எட்டு செட் பேக்பைப் இருக்கு. சீஷம் மரம், பூண் பித்தளைன்னு பில்லுல போட்டிருக்கு. வைக்கிற அறைக்கும் கடலுக்கும் அரை கிலோமீட்டர் கூட இருக்காது. இப்ப நாலு செட் காப்பிக்கொட்டை நிறத்துல கறுத்துப் போயிருக்கு. ரெண்டுல பூணும் மரமும் சேர்ற விளிம்புல பச்சையா களிம்பு. மீதி ரெண்டை யாரோ பிராஸ்ஸோ (பித்தளை பாலீஷ் திரவம்) போட்டுத் தேச்சிருக்காங்க. பளபளன்னு இருக்கு, ஆனா செதுக்கு வேலைக்குள்ள வெள்ளைப் பொடி அடைஞ்சு கிடக்கு.

ஜனவரி 26 அணிவகுப்புக்கு எட்டும் ஒரே மாதிரி தெரியணும். கறுத்ததை அப்படியே விட்டா உலோகத்துக்கு நல்லதுன்னு ஒரு பக்கம் சொல்றாங்க, துலக்கலேன்னா அரிச்சிடும்னு இன்னொரு பக்கம். எது சரி? சுருதியில ஏதாவது வித்தியாசம் வருமா? புளி போட்டு விளக்கலாமா?

முதுநகர்

சுருதியை முதல்ல முடிச்சிடறேன். பூண் மரத்துக்கு வெளியே உக்காந்திருக்கு. காத்து போறது உள்துளை வழியா, அதிர்றது ரீடு, அதாவது குழலுக்குள்ள இருக்கிற மெல்லிய நாக்கு. பூண் கறுத்தாலும் மின்னினாலும் சாண்டருக்கும் (விரல் வெச்சு வாசிக்கிற குழல்) ட்ரோனுக்கும் (தோள்ல சாஞ்சு ஒரே சுருதியை இழுக்கிற குழல்) தெரியாது. ஒரே விதிவிலக்கு ஸ்லைடு. உங்க செட்டுல ட்ரோனோட நீட்டிக் குறைக்கிற இடத்துல மரத்து மேல உலோகக் குழாய் போட்டிருந்தா, அது கறுத்துக் கரடு தட்டினா நூல் சுத்தின ஜாயிண்ட் இழுத்து இழுத்துப் போகும். டெனர் ட்ரோன் (சின்னது ரெண்டும்) சாண்டரோட கீழ் ஏ சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே, பாஸ் ட்ரோன் (நீளமானது) ரெண்டு ஸ்தாயி கீழே நிக்கணும். அதுக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்த்த வேண்டிய இடத்துல நாலு மில்லிமீட்டர் தாவினா சுருதி சேர்க்கவே முடியாது. அந்தக் குழாயை மட்டும் எப்பவும் வழவழன்னு வெச்சுக்கணும்.

அடுத்தது, பில்லுல பித்தளைன்னு இருக்கிறதை நம்பாதீங்க. நாலு விதமா இருக்கலாம்: அசல் பித்தளை, நிக்கல் பூசின பித்தளை, லாக்கர் (நிறமில்லாத வார்னிஷ்) அடிச்ச பித்தளை, இரும்பு மேல பூச்சு. ஒரு சின்னக் காந்தத்தை ஒட்டிப் பாருங்க. பிடிச்சா இரும்பு, அதைத் தேய்க்கிற பேச்சே வேண்டாம். தோள்ல உராயற பாஸ் ட்ரோன் பூணோட முனை மஞ்சளாவும் செதுக்குப் பள்ளம் வெள்ளையாவும் இருந்தா நிக்கல் பூச்சு தேஞ்சிருக்குன்னு அர்த்தம். அதைப் பாலீஷ் போட்டா மஞ்சள் இன்னும் பரவும், அவ்வளவுதான் பலன். லாக்கர் அடிச்சதுல கறுப்பு சிலந்தி வலை மாதிரி கோடு கோடா ஓடும், இல்லேன்னா தீவு தீவா நிக்கும். எவ்வளவு தேச்சாலும் மாறாது, ஏன்னா அது பூச்சுக்கு அடியில இருக்கு. அதை எடுக்க அசிட்டோன் வேணும். நெயில் பாலீஷ் ரிமூவரும் பெரும்பாலும் அதுதான். ஆனா பூணுக்குப் பக்கத்துல தந்தம் மாதிரி வெள்ளையா ஒரு பிளாஸ்டிக் குமிழ் இருக்கும் பாருங்க, அது மேல ஒரு சொட்டு பட்டாலும் இளகிப் போயிடும். பழகாத கைக்கு அந்த வேலை வேண்டாம்.

அசல் பித்தளைதான்னு ஆனப்புறம் நிறத்தைப் பாருங்க. ஒரே சீரா பழுப்பு, காப்பி, கரும்பழுப்புன்னா அது ஆக்சைடு படலம். மெல்லிசு, கெட்டியா ஒட்டியிருக்கும், அடியில இருக்கிற உலோகத்துக்கு ஓரளவு போர்வையும் கூட. அதை விட்டா ஒண்ணும் ஆகாது. புள்ளி புள்ளியா கறுப்பு வந்தா கந்தகம். சாக்கடை வாயு, ரப்பர், கம்பளித் துணி இதுலேருந்து வரும். அசிங்கமாத் தெரியும், ஆபத்து குறைவு. பச்சைதான் விஷயம். அதுலயும் ரெண்டு வகை. மெழுகு மாதிரி பிசுபிசுன்னு விளிம்புல மட்டும் இருந்தா, மரத்துக்குத் தடவின எண்ணெய் கசிஞ்சு செம்போட சேர்ந்து சோப்பு ஆயிருக்கு. தேங்காய் எண்ணெய் தடவுற வழக்கம் இருந்தா இது வராம இருக்காது. உலர்ந்த பொடியா, வெளிர் பச்சையா, துடைச்ச இடத்துலயே ஒரு வாரத்துல திரும்ப வந்தா அது கடல் உப்பு, அதாவது குளோரைடு. குழி போட்டுத் தின்னும். அதை விடக் கூடாது.

ஆக உங்க கேள்விக்குப் பதில்: காப்பி நிறத்து நாலு செட்டையும் துலக்குறது உங்க இஷ்டம். பச்சை விழுந்த ரெண்டையும் இன்னிக்கே எடுங்க. வெள்ளைப் பொடி அடைஞ்ச ரெண்டையும் அப்படியே விடாதீங்க.

பூண்காரர்

முதுநகர் அண்ணன் சொன்னதோட சேர்த்து செய்முறை.

முதல்ல காற்றுப்பையிலேருந்து ட்ரோன், புளோபைப் (வாயால ஊதுற குழல்), சாண்டர் எல்லாத்தையும் கழட்டுங்க. ரீடை எடுத்து டப்பாவுல வெச்சிடுங்க, பாலீஷ் தூள் ரீடுல பட்டா கதை முடிஞ்சுது. பையோட வெல்வெட் உறையையும் கழட்டணும்.

பழைய எக்ஸ்ரே ஃபிலிமை அஞ்சு சென்டிமீட்டர் சதுரமா வெட்டி, நடுவுல பூணோட வெளிவிட்டத்துக்கு ஒரு ஓட்டை, ஓரத்திலேருந்து ஓட்டை வரைக்கும் ஒரு கீறல். அதை மரத்தைச் சுத்தி மாட்டி பூண் விளிம்புல ஒட்டி நிறுத்துங்க. தூளும் ஈரமும் மரத்துக்குப் போகாது. மாஸ்கிங் டேப்பும் ஒட்டலாம், ஆனா பழைய அரக்கு வார்னிஷை அது உரிச்சிட்டு வரும்.

தேய்க்கிறதுக்கு: கெமிக்கல் கடையில பிரெசிபிடேட்டட் சாக்-னு கேளுங்க, நல்ல நைசான கால்சியம் கார்பனேட் தூள். கரும்பலகை சாக்பீஸை இடிச்சுப் போடாதீங்க, அது பெரும்பாலும் ஜிப்சம், நடுவுல கரடும் இருக்கும். ஒரு டீஸ்பூன் தூளுக்கு ஒரு டீஸ்பூன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், நாலு சொட்டு காய்ச்சி வடிச்ச தண்ணி. இட்லி மாவை விட கொஞ்சம் கெட்டியா இருக்கணும். ஒழுகினா தப்பு. மரம் ஆல்கஹாலுக்கு நிக்குமான்னு சந்தேகமா இருந்தா, ஸ்டாக் (பையில கட்டியிருக்கிற, குழலைச் செருகுற மரத்துண்டு) பைக்குள்ள மறையற இடத்துல ஒரு பஞ்சு முனை தொட்டுப் பாருங்க. பிசுபிசுன்னு ஒட்டினா அரக்கு வார்னிஷ். அப்ப ஆல்கஹாலுக்குப் பதிலா மினரல் டர்பன்டைன்ல குழைச்சுக்கணும், தண்ணி சேர்க்க வேண்டாம்.

பழைய வேட்டித் துணியை விரல்ல சுத்திக்கிட்டு, மாவுல ஒரு மிளகளவு தொட்டு, பூணைச் சுத்திச் சுத்தியே தேயுங்க, மேலும் கீழுமா வேண்டாம். அரை நிமிஷம் தேச்சுத் துடைச்சுப் பாருங்க. போதலேன்னா இன்னொரு அரை நிமிஷம். துணியில கறுப்பா வர்றதைப் பார்த்து அழுக்கு போகுதுன்னு சந்தோஷப்படாதீங்க. அதுல பித்தளையும் சேர்ந்துதான் வருது. செதுக்கு வேலை வெச்ச பூணை வருஷத்துக்குப் பத்து தடவை தேச்சா, அந்தப் பூவும் கொடியும் கொஞ்ச வருஷத்துல மொழுக்குன்னு ஆயிடும். கனமான உலோகம்னா கூட பரவாயில்லை, பூண் வெறும் மெல்லிசுத் தகடு.

தேச்சு முடிச்சதும் டர்பன்டைன் நனைச்ச பஞ்சால ரெண்டு தரம் துடைச்சு, அரை மணி காத்தாட விட்டு, அப்புறம் மெழுகு. நிறமில்லாத மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு கிடைச்சா அதுதான் சிறப்பு. இல்லேன்னா தேய்ப்புத் தூள் கலக்காத கார் மெழுகு. டப்பாவுல வாக்ஸ்னு மட்டும் இருக்கணும், கிளீனர் வாக்ஸ், பாலீஷ்னு போட்டிருந்தா அதுக்குள்ள தூள் இருக்கு. ஒரு பூணுக்குக் கடுகளவு போதும். பத்து நிமிஷம் கழிச்சு உலர்ந்த துணியால மெருகேத்துங்க. இது முடியற வரைக்கும் கையுறை போட்டே தொடுங்க, வேர்வைக் கைரேகை மெழுகுக்கு அடியில மாட்டினா ஒரு மாசத்துல பழுப்பு ரேகையா அச்சு விழும்.

வெள்ளைப் பொடி அடைஞ்ச ரெண்டுக்கும்: மூங்கில் பல்குத்தி முனையை டர்பன்டைன்ல தொட்டு பள்ளம் பள்ளமா எடுக்கணும். ஊசி கூடாது, கீறும். பொடி ஈரத்தை உறிஞ்சி வெச்சுக்கும், அதைச் சுத்தித்தான் அப்புறம் பச்சை வளையம் வரும்.

புளி வேண்டாம். குத்துவிளக்குக்கு சரி, அதை முழுசா கழுவி வெயில்ல வெச்சிடலாம். இங்க பூணுக்கு அடியில மரம் இருக்கு. புளித்தண்ணி உள்ள இறங்கினா வெளியே எடுக்க வழி இல்லை, மரம் ஊறி உப்பும். அதோட உப்பு சேர்த்துத் தேய்க்கிற பழக்கம் வேற இருக்கு. குளோரைடை நாமே கொண்டு போய் விடுற மாதிரி.

பாலீஷ் பட்டறையில பஃபிங் சக்கரத்துல கொடுக்கலாமான்னு அடுத்துக் கேப்பீங்க. கூடாது. சூட்டுல உள்ளே ஒட்டின அரக்கு இளகி பூண் ஆடும், கறுப்பு காம்பவுண்டு மரத்தோட கண்ணுக்குள்ள ஏறும். அது எதுக்கும் போகாது.

டிரில் மாஸ்டர்

ரெண்டு பேரும் மியூசியத்துக்குச் சொல்ற மாதிரி சொல்றீங்க. அணிவகுப்புல இருபது அடி தூரத்திலேருந்து பாக்கிறவங்களுக்கு மின்னணும், அவ்வளவுதான். ஒரு செட்டுல அஞ்சு ஸ்டாக் பூண், ட்ரோன் பூண்கள், தலை மூடி மூணு, புளோபைப்புல ஒண்ணுன்னு பதினஞ்சு உருப்படிக்குக் குறையாது. எட்டு செட்டுக்கு நூத்தி இருபது. சாக் மாவு குழைச்சு, ஃபிலிம் மாட்டி, மெழுகு போட்டு, ஒண்ணுக்கு அஞ்சு நிமிஷம்னாலும் பத்து மணி நேரம். பிராஸ்ஸோன்னா மூணு மணி. பட்டாளத்துல பட்டனுக்கும் பெல்ட் பக்கிளுக்கும் காலங்காலமா அதைத்தானே போடுறாங்க?

ஒண்ணு மட்டும் ஒத்துக்கறேன், எதுல தேச்சாலும் மிச்சத்தைத் துடைக்காம விட்டா வெள்ளைக் கையுறையில கறுப்புக் கோடு விழும். அது தூரத்திலேருந்தும் தெரியும்.

பூண்காரர்

மாஸ்டர், பட்டனும் பக்கிளும் தனி உலோகம். பிரச்சினை அங்கதான் பிரியுது. பிராஸ்ஸோ மாதிரி திரவத்துல நைசான தேய்ப்புத் தூள், மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான், அம்மோனியா மூணும் இருக்கும். மூடியைத் திறந்ததும் மூக்குல ஏறுதே, அது அம்மோனியா. பித்தளை இழுவிசையில இருக்கும்போது அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்தா வெடிப்பு விடும். இது நம்ம நாட்டு மண்ணுல பிரிட்டிஷ் காலத்துலேயே பார்த்த சங்கதி. குதிரை லாயத்துல அடுக்கி வெச்ச பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்துல தானா விரிஞ்சுது. குதிரை மூத்திரத்து அம்மோனியாதான் காரணம்னு 1921-ல ஆய்வு எழுதி விளக்கினாங்க. உறையை இழுத்து வடிவமெடுக்கும்போது உள்ளே தங்கின விசை ஒரு பக்கம், அம்மோனியா இன்னொரு பக்கம்.

பூணும் அப்படித்தான் வளைச்சு இழுத்த தகடு. ஐப்பசி கார்த்திகையில மரம் ஊறி உப்பும்போது பூணை உள்ளேருந்து தள்ளும். அந்த நேரத்துல விளிம்புக்கு அடியில பாலீஷ் தேங்கி நின்னா நீளவாக்குல மயிர்க்கோடா விரியும். ஒரு தடவை போட்டு சுத்தமா துடைச்சதுக்கே விரிஞ்சிடாது, அப்படி பயமுறுத்த வரலை. வாராவாரம் போட்டு, துடைக்காம விட்டா சொல்றேன்.

நேரக் கணக்கு சரிதான். ஆனா மெழுகு போட்டா பத்து மணி நேரம் ஒரே தடவை. அப்புறம் ஒவ்வொரு வாசிப்பும் முடிஞ்சு உலர்ந்த துணியால ஒரு துடை, கடலோரம்ங்கறதால மூணு மாசத்துக்கு ஒருக்க மெழுகு மட்டும். தை மாசம் விடியக்காலை கடற்கரைச் சாலையில நிக்கும்போது பனி உலோகத்துல முத்து முத்தா கோக்கும். மெழுகு இருந்தா உருண்டு ஓடிடும், இல்லாத பூண் பத்து மணி வெயிலுக்குள்ள மங்கிடும். சாயந்திரம் தேச்சது காலையில ஏன் புள்ளி விழுந்துச்சுன்னு கேக்கிறவங்களுக்கு இதுதான் பதில்.

டிரில் மாஸ்டர்

பனி விஷயம் சரி. மெழுகுக்கு சம்மதம். பட்டனுக்கு நான் பிராஸ்ஸோதான்.

குருசுக்குப்பம்

ரொம்ப நன்றி. காந்தம் எதுலயும் ஒட்டலை. முனையில மஞ்சள், பள்ளத்துல வெள்ளைன்னு சொன்ன அடையாளம் ஒரு செட்டுல அப்படியே இருக்கு, அதை ஒதுக்கி வெச்சாச்சு. இன்னும் மூணு சந்தேகம். பச்சை எடுத்த ஒரு பூணுல அடியில இளஞ்சிவப்பா திட்டு தெரியுது. இன்னொண்ணு கையால சுத்தினாலே சுத்துது. ஸ்டாக் வாய்ப் பூண் எல்லாத்துலயும் உள்விளிம்பைச் சுத்தி ஒரு கறுப்பு வளையம் இருக்கு, எட்டு செட்டுலயும் ஒரே மாதிரி. அது என்ன?

முதுநகர்

கறுப்பு வளையத்துலேருந்து வர்றேன், அது சுலபம். பையைப் பதப்படுத்தும்போதோ காத்துக் கசிவு பாக்கும்போதோ ஸ்டாக் வாயை அடைக்க ரப்பர் அடைப்பான் போடுவாங்க. அதை எடுக்காமலே வெச்சிருக்காங்க. ரப்பர்ல கந்தகம் இருக்கு, தொட்ட இடமெல்லாம் பித்தளையைக் கறுக்க வைக்கும். ட்ரோன் மூணையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வெச்சாலும் இதே கோடு வரும். தக்கை அடைப்பானுக்கு மாறுங்க, கட்டுறதுக்குப் பருத்தி நாடா போதும்.

இளஞ்சிவப்பு நல்ல செய்தி இல்லை. பித்தளைங்கறது செம்பும் துத்தநாகமும். குளோரைடும் ஈரமும் துத்தநாகத்தை மட்டும் உருவி எடுத்துட்டா செம்பு கடல்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா மிஞ்சும், அந்த நிறம்தான் அது. புளி, எலுமிச்சை போட்டுத் தேச்சாலும் மேலாக ஒரு ரோஸ் சாயல் வரும், அது தோலளவுதான், சாக் மாவுல போயிடும். ஒரு தடவை தேச்சுப் பாருங்க. போகாம, மூங்கில் குச்சியால அழுத்தினா பொறுபொறுன்னு இருந்தா உள்ளே போயிருக்கு. துத்தநாகத்தைத் திரும்ப வைக்க வழி கிடையாது. காய்ச்சி வடிச்ச தண்ணி தொட்ட பஞ்சால அந்த இடத்தை மட்டும் நாலஞ்சு தரம் ஒத்தி எடுத்து, உடனே உலர்த்தி, மெழுகு போட்டு நிறுத்துங்க. தேய்க்கத் தேய்க்க குழிதான் ஆழமாகும். குழாய்த் தண்ணி எடுக்காதீங்க, கடலோர போர்வெல் தண்ணியில உப்பு இருக்கும்.

சுத்துற பூண்: முதல்ல வெளிச்சத்துல பிடிச்சு, நகத்தைக் குறுக்கே ஓட்டி வெடிப்பு இருக்கான்னு பாருங்க. வெடிப்பு இருந்தா பத்தவெச்சு ஒட்டுற வேலை, மரத்துலேருந்து கழட்டித்தான் செய்யணும், பேக்பைப் தெரிஞ்ச ஆள்கிட்ட விடுங்க. ஸ்டாக் பூண்னா தள்ளிப் போடவே கூடாது. ட்ரோனை நூல் சுத்தி இறுக்கிச் செருகும்போது மரம் பிளக்காம பிடிச்சிருக்கிறது அந்த வளையம்தான், அழகுக்கு வெச்சது இல்லை. உலக்கைக்குப் பூண் எதுக்கோ இதுக்கும் அதுக்கே.

வெடிப்பு இல்லேன்னா மரம் சுருங்கினதுதான் காரணம், கோடைக்குப் பிறகு சகஜம். பூணைக் கழட்டி, அடியில இருக்கிற பழைய பசையை எடுத்து, அரக்குச் செதிலை ஸ்பிரிட்ல தேன் பதத்துக்குக் கரைச்சு மெல்லிசா தடவி மாட்டுங்க. இடைவெளி அதிகமா இருந்தா மெல்லிய பருத்தி நூலை ரெண்டு சுத்து அரக்கோட சேர்த்து. ஒரு ராத்திரி விடணும். ஃபெவிக்விக் ஊத்தி விட்டுடாதீங்க. அடுத்த மழைக்கு மரம் உப்பும்போது பசை விட்டுக்கொடுக்காது, அடுத்த தடவை கழட்டவும் வராது. அரக்குன்னா லேசா சூடு காட்டினா இளகிடும்.

குருசுக்குப்பம்

பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் போட்டா பூணும் காயும் மரமும் காயும் இல்லையா? எவ்வளவு போடலாம்?

பூண்காரர்

அந்தப் பயம் நியாயமானது. மரத்துக்கு ஈரப்பதம் 50-லேருந்து 60 சதவீதம் இருந்தா சந்தோஷம், பித்தளைக்கு இன்னும் குறைஞ்சாலும் சந்தோஷம். ரெண்டுக்கும் நடுவுல மரம் பக்கம்தான் சாயணும், பூணை மாத்தலாம், பிளந்த ட்ரோனை மாத்த முடியாது. ஒரு பெட்டிக்கு நூறு கிராம் ஜெல், துணிப்பையில, ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானியோட. ஐப்பசியிலேருந்து மார்கழி வரைக்கும் மட்டும் போடுங்க. மானி 50-க்குக் கீழே இறங்கினா ஜெல்லை வெளியே எடுத்துடுங்க. நிறம் மாறினதும் இரும்புச் சட்டியில சின்னத் தீயில வறுத்துத் திரும்பப் போடலாம், பழைய நிறம் வந்ததும் இறக்கிடணும்.

வாசிச்ச உடனே பெட்டியை மூடாதீங்க. புளோபைப்பும் ஸ்டாக்கும் மூச்சு ஈரத்துல நனைஞ்சிருக்கும், உள்ளே துணி விட்டு இழுத்து, ஒரு மணி நேரம் மின்விசிறிக்கு அடியில. பெட்டி உள்புறம் கம்பளி ஃபெல்ட்டா இருந்தா மேல ஒரு பருத்தித் துணி விரிச்சிடுங்க, கம்பளியிலயும் கந்தகம் உண்டு.

அந்த நிக்கல் செட்டை அணிவகுப்புல நடு வரிசையில, உள்பக்கமா நிறுத்துங்க. மெழுகு மட்டும் போடுங்க, தேய்க்க வேண்டாம்.

டிரில் மாஸ்டர்

உள்பக்கம்னா இடது கை பக்கம் ஆள் நிக்கணும். பேக்பைப் ட்ரோன் சாயறது இடது தோள்ல, அந்தப் பக்கம் இன்னொரு பைப்பர் இருந்தா மறைஞ்சிடும்.

குருசுக்குப்பம்

சரிங்க. சனிக்கிழமை பச்சை விழுந்த ரெண்டு செட்லேருந்து ஆரம்பிக்கிறோம். பழைய எக்ஸ்ரே மட்டும் பத்துப் பன்னெண்டு தேத்தணும்.